சாட்சிக் கையெழுத்து

ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து கிழக்கே சுமார் 100 கி.மீ. போனால் அஸ்ரக் அகதிகள் முகாம். 2014 ஏப்ரலில் பாலைவனத்தின் நடுவே திறந்தார்கள். வரிசை வரிசையாக வெள்ளைத் தகரக் கொட்டகைகள். சிரியாவின் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் அவற்றில் வாழ்கிறார்கள். முகாமுக்குள் ஒரு சூப்பர் மார்க்கெட்டும் உண்டு. அதன் கல்லாவுக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கூடையில் அரிசி, எண்ணெய், பருப்பு, சர்க்கரை. கல்லாக்காரர் கூட்டித் தொகையைச் சொல்கிறார். அந்தப் பெண் பர்ஸைத் திறக்கவில்லை, அட்டை எதையும் நீட்டவில்லை. முகத்துக்கு நேரே இருக்கும் சிறிய கருவிக்குள் பார்க்கிறாள். சில நொடிகளில் ரசீது வந்துவிடுகிறது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

அந்தச் சில நொடிகளுக்குள் நடப்பது இது: கருவி அவள் கருவிழியைப் படம் பிடிக்கிறது. அந்தப் படம் எண்களாகி, ஐ.நா. அகதிகள் முகமையின் பதிவுகளோடு ஒப்பிடப்படுகிறது. ஆள் இன்னார் என்று தெரிந்ததும், உலக உணவுத் திட்டத்தின் ஏட்டில் அவள் குடும்பத்துக்கான கணக்கைத் தேடி, மீதி இருக்கிறதா என்று பார்த்துக் கழித்துக்கொள்கிறது. அந்த ஏடுதான் பிளாக்செயின். திட்டத்தின் பெயர் ‘பில்டிங் பிளாக்ஸ்’. 2017 ஜனவரியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சுமார் 100 பேரைக் கொண்டு வெள்ளோட்டம் பார்த்தார்கள். அப்போது உலகமே பார்க்கும் ‘எதீரியம்’ என்ற பொது பிளாக்செயினைப் பயன்படுத்தினார்கள். அது மெதுவாகவும் செலவாகவும் இருந்ததால், அதே மென்பொருளைத் தங்களுக்கான தனி ஏடாக மாற்றிக்கொண்டு, அந்த ஆண்டு மே மாதம் அஸ்ரக்கில் 10,000 பேருக்குத் தொடங்கினார்கள். அதுவரை ஒவ்வொரு கொள்முதலுக்கும் வங்கி கட்டணம் பிடித்துக்கொண்டிருந்தது. அதில் 98 விழுக்காடு மிச்சமானது என்பது உலக உணவுத் திட்டத்தின் கணக்கு.

பத்திரிகைகள் இதை ‘அகதிகளுக்கு பிளாக்செயின் அடையாளம்’ என்று எழுதின. அந்தத் தலைப்பு எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. முதலில் ஏடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மதுரைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மொய் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு பிளாக்செயின் பாதி புரிந்த மாதிரிதான். மாமா 501 ரூபாய் தருகிறார். எழுதுபவர் நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதுகிறார். சில இடங்களில் மைக்கிலும் சொல்லிவிடுவார்கள், பந்தலில் இருக்கும் எல்லார் காதிலும் விழும். மாமா வீட்டுக்குப் போனதும் அத்தை தன் நோட்டில் ‘செஞ்ச மொய்’ பக்கத்தில் அதையே குறித்து வைக்கிறார். பத்து வருடம் கழித்து யாராவது 501 என்பதை 101 ஆக்கிக் காட்டினால் எடுபடாது. ஒரு நோட்டைத் திருத்தலாம். ஊரில் உள்ள நோட்டையெல்லாம் திருத்த முடியுமா? ஒரே கணக்கைப் பலர் தனித்தனியாக வைத்திருப்பது, புது வரவை எல்லோருக்கும் அறிவிப்பது, முரண்பட்டால் பெரும்பான்மை நோட்டுகள் சொல்வதை ஏற்பது. பிளாக்செயினின் பாதி இது.

மீதிப் பாதி ‘ஹாஷ்’. எந்தத் தகவலைக் கொடுத்தாலும், அது ஒரு பெயராக இருந்தாலும் ஒரு முழு நூலகமாக இருந்தாலும், அதை அரைத்து 64 எழுத்து நீளமுள்ள ஒரு குறியாக்கித் தரும் கணித எந்திரம் அது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது என்பது மாதிரி, குறியிலிருந்து தகவலுக்குத் திரும்பும் வழி கிடையாது. ‘மாரியம்மாள்’ என்று கொடுத்தால் ஒரு குறி வரும். கடைசியில் ஒரு புள்ளி சேர்த்துக் கொடுத்தால் முதல் குறிக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு குறி வரும். இப்போது நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் குறியை எழுதி வைத்தால் என்ன ஆகும்? மூன்றாம் பக்கத்தில் ஒரு எண்ணை மாற்றினால் அதன் குறி மாறும். அது நான்காம் பக்கத் தலைப்போடு ஒத்துப்போகாது. நான்கைத் திருத்தினால் ஐந்து காட்டிக்கொடுக்கும்.

இந்த யோசனை பிட்காயினுக்கு முந்தியது. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர், ஓர் ஆவணம் இன்ன தேதியில் இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது என்று 1991இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிறகு அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் ஒவ்வொரு வாரமும் ஆவணங்களின் ஒட்டுமொத்தக் குறியை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் வரி விளம்பரமாக வெளியிட்டது. இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்ட செய்தித்தாளை யாரால் திரும்பப் பெற்றுத் திருத்த முடியும்? 2008இல் வந்த பிட்காயின் கட்டுரையின் எட்டு மேற்கோள்களில் மூன்று இவர்களுடையவை.

இனி அஸ்ரக்கின் கல்லாவுக்குத் திரும்புவோம். அந்தப் பெண்ணின் கண் பிளாக்செயினில் இருக்கிறதா? இல்லை. ஹாஷாக்கி வைத்தாலும் பயன் இல்லை. அதற்கான காரணம் அழகானது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கருவிழியின் கோடுகளையும் குழிகளையும் எண்ணாக மாற்றும் முறையைத் தந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன். அவர் முறையில் ஒரு கண் என்பது 2,048 பிட்டுகள், அதாவது 2,048 பூஜ்ஜியங்களும் ஒன்றுகளும். இருவேறு மனிதர்களின் கண்களை ஒப்பிட்டால் சுமார் பாதி பிட்டுகள் வேறுபடும், நாணயத்தைச் சுண்டிப் பார்த்த மாதிரி. ஒரே கண்ணை இரண்டு தடவை படம் பிடித்தாலும் இரண்டு படங்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. இமை கொஞ்சம் இறங்கியிருக்கும், வெளிச்சம் மாறியிருக்கும், தலை சாய்ந்திருக்கும். அதனால் கணினி ‘இரண்டும் ஒன்றா?’ என்று கேட்பதில்லை. ‘வேறுபாடு சுமார் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா?’ என்று கேட்கிறது. அடங்கினால் ஒரே ஆள். கண் என்பது ‘ஏறக்குறைய’ என்ற மொழியில் பேசும் சாட்சி.

ஹாஷுக்கு ‘ஏறக்குறைய’ புரியாது. ஒரு பிட் மாறினாலே குறி முழுதும் மாறிவிடும். நேற்றுப் பிடித்த கண்ணின் ஹாஷும் இன்று பிடித்த கண்ணின் ஹாஷும் இரண்டு அந்நியர்களைப் போல இருக்கும். ஆகவே கண்ணை ஒப்பிட வேண்டுமானால் அசல் வார்ப்பை எங்காவது வைத்திருந்தே தீர வேண்டும். அதை வைத்திருப்பது ஐ.நா. அகதிகள் முகமையின் வழக்கமான தரவுத்தளம். பிளாக்செயினில் இருப்பவை பெயரில்லாத ஒரு கணக்கு எண், அதில் எவ்வளவு பணம், எந்தக் கடையில் எவ்வளவு செலவு என்பவை மட்டும். அடையாளம் பழைய இடத்திலேயே இருந்தது. பிளாக்செயினுக்குப் போனது மளிகைக் கணக்கு.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. யாருடைய கண்ணும் அழிக்க முடியாத ஏட்டில் ஏறவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் மொய் நோட்டு உவமைக்கு ஓர் உதை விழுகிறது. பல வீடுகளில் நோட்டு இருந்தால்தான் அந்தக் காவல் வேலை செய்யும். அஸ்ரக்கில் தொடக்கத்தில் எல்லா நோட்டுகளும் ஒரே வீட்டில், உலக உணவுத் திட்டத்தின் வசம் இருந்தன. பிறகு ஐ.நா. பெண்கள் அமைப்பும் ஒரு பிரதியை நடத்தத் தொடங்கியது. இரண்டு வீடுகள், அதுவும் பங்காளி வீடுகள். சாதாரணத் தரவுத்தளமே இதற்குப் போதாதா என்று கணினித் துறையினர் பலர் கேட்டார்கள். பல அமைப்புகள் ஒரே ஏட்டைப் பகிர்ந்துகொண்டால், யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளலாம், ஒரே குடும்பத்துக்கு இரண்டு தடவை போவதைத் தடுக்கலாம் என்பது உலக உணவுத் திட்டத்தின் பதில். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது உதவி தருபவர்களுக்கான நியாயம்.

அந்தப் பெண்ணின் கையில் எந்தச் சாவியும் இல்லை. ஏட்டை அவளால் திறந்து பார்க்க முடியாது, வேறு எங்கும் எடுத்துப்போய்க் காட்டவும் முடியாது. 2023 ஆகஸ்டில் நிதி வறண்டபோது முகாமில் ஆளுக்கு மாதம் 23 தினாராக இருந்த உதவியை 15 தினாராக, அதாவது சுமார் 32 டாலரிலிருந்து 21 டாலராகக் குறைத்தார்கள். ஏடு அதையும் பிழையில்லாமல் பதிந்துகொண்டது.

இதற்கு நேரெதிரான கனவு ஒன்று உண்டு. அடையாளம் அலுவலகத்தின் அலமாரியில் இருக்கக் கூடாது, ஆளின் பையில் இருக்க வேண்டும் என்பது அந்தக் கனவு. இதன் தொழில்நுட்பத்துக்கு இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வடிவம் கொடுத்தது. 2019இல் ‘சரிபார்க்கக்கூடிய சான்றுகள்’, 2022இல் ‘பரவலாக்கப்பட்ட அடையாளக் குறிகள்’ என்று இரண்டு தரங்கள். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பச்சை மைக் கையெழுத்து தெரியும் அல்லவா?

நான் படித்து முடித்த காலத்தில் மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸில் கெஜட்டட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் ‘உண்மை நகல்’ என்று கையெழுத்திட்டால்தான் விண்ணப்பம் செல்லும். தெரிந்தவர் யாராவது அந்த வேலையில் இருக்கிறார்களா என்று தெருத்தெருவாகத் தேடியிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், விண்ணப்பத்தைப் பெறும் குமாஸ்தாவுக்கு அந்தக் கையெழுத்து அசலா என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் கிடையாது. மை பச்சையா என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

இப்போது நாட்டில் உள்ள எல்லா அதிகாரிகளின் மாதிரிக் கையெழுத்தும் கொண்ட ஒரு புத்தகம் இருக்கிறது, அதை எவரும் எங்கிருந்தும் புரட்டலாம், எவராலும் கிழிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய அமைப்பில் பிளாக்செயினின் வேலை பெரும்பாலும் அந்தப் புத்தகமாக இருப்பதுதான். சான்று வழங்குபவரிடம் ஒரு ரகசியச் சாவி இருக்கும். அதனால் அவர் சான்றில் டிஜிட்டல் கையெழுத்திடுவார். அதோடு இணைந்த பொதுச் சாவி ஏட்டில் இருக்கும். சான்று உங்கள் கைபேசியில். கேட்பவரிடம் காட்டினால், ஏட்டிலுள்ள பொதுச் சாவியைக் கொண்டு கையெழுத்தைச் சோதித்துக்கொள்வார். வழங்கிய அலுவலகத்துக்கு போன் போட வேண்டியதில்லை. அந்த அலுவலகம் குண்டுவீச்சில் எரிந்துபோயிருந்தாலும் சான்று செல்லும். ஊரைவிட்டு ஓடி வந்தவருக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன வேண்டும்?

இன்னொரு வசதியும் உண்டு. கேட்டதற்கு மேல் காட்ட வேண்டியதில்லை. ஓரிடத்தில் தெரிய வேண்டியது உங்கள் வயது 18 தாண்டியதா என்பது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாம் ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம். ‘பூஜ்ஜிய அறிவு நிரூபணம்’ என்ற கணித முறையில் பிறந்த தேதியைச் சொல்லாமலே 18 தாண்டியதை நிரூபிக்கலாம். மதத்தையும் இனத்தையும் மறைத்தே பிழைக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இது சொகுசல்ல.

நடைமுறைத் தொல்லைகளைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். சாவி கைபேசியில் இருக்கிறது. முகாமில் ஒரு கைபேசியை முழுக் குடும்பமும் பகிரும். வழிச்செலவுக்கு விற்றுவிடுவார்கள், கடலில் விழுந்துவிடும். தொலைந்த சாவியை மீட்க நம்பிக்கைக்குரிய நாலு பேரிடம் துண்டு துண்டாகக் கொடுத்து வைக்கும் முறைகள் உண்டு. அந்த நாலு பேரும் நாலு நாட்டில் சிதறியிருப்பார்கள். இவையெல்லாம் பொறியாளர்கள் காலப்போக்கில் தீர்த்துவிடக்கூடியவை. எனக்கு அவற்றைப் பற்றிப் பெரிய கவலை இல்லை.

என் கவலை புத்தகத்தின் பக்கங்களைப் பற்றியது. அகதிக்கு ஒரு நாடு இருந்தது. அது சான்று கொடுத்திருக்கிறது, அது எரிந்திருக்கலாம், தொலைந்திருக்கலாம். நாடற்றவரின் கதை வேறு. எந்த நாடும் அவரைத் தன் குடிமகன் என்று ஏற்கவில்லை. புத்தகத்தில் அவருக்காகக் கையெழுத்திட ஓர் அதிகாரியும் இல்லை.

ரோஹிங்கியாக்களைப் பார்ப்போம். மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே அங்கு குடியேறியிருந்த இனங்களைக் குடிமக்கள் என்றது. அரசு ஏற்ற 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியா என்ற பெயர் இல்லை. அதற்கு முன்னால் அவர்களில் பலரிடம் மூன்று மடிப்புள்ள தேசியப் பதிவு அட்டை இருந்தது. பிறகு தற்காலிக ‘வெள்ளை அட்டை’ வந்தது. 2015இல் அதையும் செல்லாதென்று அறிவித்துத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தார்கள். பழைய அட்டைகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் பொத்திக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அந்த அட்டைகளில் போலி எதுவும் இல்லை. எழுத்தும் அழியவில்லை. கையெழுத்திட்ட அரசே அதைத் தன் கையெழுத்து இல்லை என்கிறது. ஹாஷ் கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய மோசடி அல்ல இது.

கோலாலம்பூரில் ரோஹிங்கியாக்களே தொடங்கிய ‘ரோஹிங்கியா புராஜெக்ட்’ தங்கள் மக்களுக்கு பிளாக்செயின் அடையாளம் தர முயன்றது. மொழி, ஊர், குடும்பம் பற்றிய கேள்விகளால் ஒருவர் தங்கள் சமூகத்தவர்தானா என்று உறுதி செய்து, அந்த முடிவை ஏட்டில் பதிவது அவர்கள் திட்டம். அரசு போட மறுக்கும் கையெழுத்தைச் சமூகமே போடுகிறது. எனக்கு இந்த முயற்சியின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அதைக் காட்டி ஒரு வங்கியோ பள்ளியோ எல்லைச் சாவடியோ கதவைத் திறக்குமா என்பது அந்த வங்கியின், பள்ளியின், சாவடியின் விருப்பம்.

இதே வேலையைத் தொழில்நுட்பமே இல்லாமல் செய்து காட்டியவர் நோர்வேக்காரர் ஃபிரித்யோஃப் நான்சென். துருவப் பயணி, பிறகு சர்வதேசச் சங்கத்தின் அகதிகள் ஆணையர். சோவியத் அரசு நாட்டைவிட்டுப் போன ரஷ்யர்களின் குடியுரிமையைப் பறித்தபோது, 1922இல் அவர்களுக்கென ஒரு பயணச்சான்று வந்தது. பெயர், படம், ஒட்டிய வில்லை. காகிதம்தான், நனைந்தால் கிழியும். இசையமைப்பாளர் ஸ்டிராவின்ஸ்கி வைத்திருந்தார், ஓவியர் ஷகால் வைத்திருந்தார், எழுத்தாளர் நபக்கோவ் வைத்திருந்தார். சுமார் 4.5 இலட்சம் பேர் அதைக் கொண்டு எல்லை கடந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் ‘இதை ஏற்கிறோம்’ என்று ஒப்புக்கொண்டிருந்ததால்தான் அது சாத்தியமானது.

அழிக்க முடியாத பதிவு என்பதை நாம் நல்ல சொல்லாகவே உச்சரிக்கிறோம். ருவாண்டாவில் பெல்ஜியர்கள் 1930களில் கொண்டுவந்த அடையாள அட்டையில் ஹுட்டு, துட்சி என்று இனம் அச்சாகியிருந்தது. 1994 இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் துட்சிகளைக் கொன்றார்கள். காக்ஸ் பஜாரிலும் ஒரு பாடம் நடந்தது. 2018இல் வங்கதேச அரசும் ஐ.நா. அகதிகள் முகமையும் சேர்ந்து கைரேகை, கருவிழி எடுத்து ஸ்மார்ட் அட்டை கொடுத்தபோது, அதில் ‘ரோஹிங்கியா’ என்ற சொல் இல்லை என்றும், விவரங்கள் மியான்மருக்குப் போய்விடும் என்றும் சொல்லி நவம்பரில் மக்கள் கடையடைத்துப் போராடினார்கள். அவர்கள் அச்சம் வீணல்ல. குறைந்தது 8.3 இலட்சம் பேரின் பெயர்களை வங்கதேசம் மியான்மரிடம் கொடுத்திருந்தது என்று 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்டது. பலருக்கு அப்படிப் பகிரப்படும் என்பதே புரிய வைக்கப்படவில்லை என்றது அதன் அறிக்கை. சம்மதம் கேட்டே செய்தோம் என்றது அகதிகள் முகமை. எந்தக் காவலுள்ள ஏட்டில் வைத்திருந்தாலும், திறந்து காட்ட வேண்டியவரே திறந்து காட்டினால் கணிதம் என்ன செய்யும்?

தமிழ் வாசகர்களுக்கு நாடற்ற நிலை தொலைதூரச் செய்தி அல்ல. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தமிழர்களிடம் காகிதம் கேட்டது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த பாட்டனுக்கு ஏது பிறப்புச் சான்று? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். காகிதத்தில் பிரிந்தவர்கள் எல்லோரும் கப்பல் ஏறவில்லை. ஏறாமலும் சேராமலும் நின்றவர்கள் இரண்டு நாட்டுக்கும் இல்லாதவர்களாகப் பிள்ளை பெற்றார்கள், பேரன் பார்த்தார்கள்.

2003 அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழிவந்தவர்களும் குடிமக்கள். பூட்டனின் பிறப்புச் சான்றை இந்தச் சட்டம் கேட்கவில்லை. தொண்டர்களும் தொழிற்சங்கங்களும் அகதிகள் முகமையும் மலையகத்தில் முகாம்கள் போட்டார்கள். மக்கள் வரிசையில் வந்து, இன்னார் நான் என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கீழே அதிகாரி எதிர்க்கையொப்பம் போட்டார். கணினி இல்லை, கருவிழி இல்லை. பத்து நாளில் சுமார் 1,90,000 பேர் இலங்கைக் குடிமக்கள் ஆனார்கள்.